பழைய போஸ்ட்கார்டில் அமெரிக்க ரயில் நிலையம்: எந்தக் காலத்தது?

கேள்வி: தபால் முத்திரை அழிந்துபோன கார்டு. முன்பக்கம் ரயில் நிலையப் படம். ஆண்டை எப்படிக் கணிப்பது?

பதில் 1: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுக்கோடு இல்லாமல் முகவரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் பெரும்பாலும் 1907 மார்ச்சுக்கு முந்தைய அச்சு. படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இருந்தால் ஏறத்தாழ 1915–1930. துணிபோல் சொரசொரப்பாக இருந்தால் அதற்கும் பிந்தையது.

பதில் 2: லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப்படம். தெரியாவிட்டால் அசல் புகைப்படமாக இருக்கலாம். அப்படியானால் பின்பக்கத்தில் ஸ்டாம்ப் ஒட்டுவதற்காக அச்சிட்ட கட்டம்தான் சாட்சி. அதில் 'அஸோ' (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயரோடு, மூலைகளில் உள்ள நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904–1918. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918–1930. இதைப் பார்க்க ஒட்டிய ஸ்டாம்பை உரித்துவிடாதீர்கள், கார்டே பாழாகிவிடும்!

பதில் 3: படத்தை மட்டும் நம்பவே கூடாது. வண்ணம் சேர்க்கும்போது தந்திக் கம்பிகளை அழித்துவிடுவார்கள். பழைய படத்தையே பல வருடம் மறுபடி அச்சடிப்பதும் உண்டு. கட்டடத்தின் வரலாற்றோடு ஒப்பிடுங்கள்: நியூயார்க் பென்சில்வேனியா நிலையம் 1910இல் திறந்தது, 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள்.