மாமாவின் பழைய ஐபோன் 11 நல்லதா, கடையில் புது அண்ட்ரொய்ட் நல்லதா?

வடலி: ரொறன்ரோ மாமா தன்னுடைய ஐபோன் 11 ஐ அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இல்லையென்றால் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் விலை குறைந்த அண்ட்ரொய்ட் ஒன்று வாங்குவேன். அம்மாவுக்கு வட்ஸ்அப், யூரியூப், இரண்டு சிம், அவ்வளவுதான். எது நல்லது?

கொக்குவிலான்: யோசிக்கவே வேண்டாம், ஐபோன். 2019 இல் வந்த போன் அது, 2025 இல் வந்த ஐஓஎஸ் 26 (ஐபோனை ஓட்டும் மென்பொருள்) அதற்கும் கிடைத்தது. மலிவு அண்ட்ரொய்ட் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருடத்தில் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும், அதுவரைக்கும் எப்போது வரும் என்று விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. பெட்டியைத் திறக்கும்போதே யாரும் கேட்காத கேம் எல்லாம் உள்ளே இருக்கும், சிலதை அழிக்கவும் ஏலாது.

மாங்கொட்டை: அண்ணை, 2018 இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் அதே ஐஓஎஸ் 26 இல் கழற்றிவிடப்பட்டதை ஏன் சொல்லவில்லை? இனி வரிசையில் முன்னுக்கு நிற்பது 11 தான். கூகிளின் பிக்சல் 8, சாம்சுங் எஸ்24 இரண்டு அண்ட்ரொய்டுக்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள்.

கொக்குவிலான்: தம்பி, வடலி கேட்டது மலிவுப் போன். பிக்சலை ஏன் இழுக்கிறீர்? கூகிள் எழுதிய அப்டேட்டைச் சிப் செய்கிறவர் தன் சிப்புக்கு ஏற்றமாதிரி மாற்றி, பிறகு போன் கொம்பனி தன் வேலையைச் செய்து, அதற்குப் பிறகுதான் அம்மாவின் கைக்கு வரும். அந்த வரிசையில் விலை குறைந்த மொடலை யார் கவனிக்கிறார்கள்?

மாங்கொட்டை: அண்ட்ரொய்ட் 10 இல் இருந்து சில பாதுகாப்புத் திருத்தங்கள் கூகிள் பிளே வழியாக நேரே வருகின்றன, கொம்பனிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எல்லாமே அப்படி வருவதில்லை, அது உண்மை. ஆனால் அம்மாவுக்கு இரண்டு சிம் வேண்டும். கனடா ஐபோன் 11 இல் ஒரு சிம் அட்டைதான் போடலாம், மற்றது இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். மெமரி கார்டும் கிடையாது. இணையத்தில் சேமித்து வைக்க அப்பிளின் ஐகிளவுட்டில் இலவசமாக 5 ஜிபி, கூகிளில் 15. குடும்ப குரூப்பில் வருகிற கல்யாண வீட்டு வீடியோக்களுக்கு அந்த 5 எந்த மூலைக்கு?

ரிப்பெயர்காரன்: இரண்டு சாதியும் என் மேசைக்கு வருகிறது. 11 இன் உடைந்த திரைக்குக் கடையில் கிடைக்கிற வேறு திரையைப் போட்டால், அது அப்பிளின் திரைதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என எழுதிக் காட்டும். சுற்று வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் தெரிவும் பெரும்பாலும் காணாமல் போய்விடும். போன் நன்றாகத்தான் ஓடும், ஆனால் ஆட்கள் என்னைத்தான் கள்ளனைப் போலப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், மாமா தன் அப்பிள் ஐடியை (அப்பிள் கணக்கை) போனில் இருந்து கழற்றாமல் போனை அழித்து அனுப்பினால் இங்கே அது திறக்காது, என்னாலும் திறக்க ஏலாது. அண்ட்ரொய்டிலும் கூகிள் கணக்குப் பூட்டு உண்டு, ஆனால் புதுப் போனில் அந்தத் தலையிடி இல்லை.

வடலி: அம்மாவின் இப்போதைய அண்ட்ரொய்டில் உள்ள வட்ஸ்அப் செய்திகள் ஐபோனுக்குப் போகுமா?

ரிப்பெயர்காரன்: போகும். மூவ் டு ஐஓஎஸ் என்று ஓர் ஆப் இருக்கிறது, ஐபோனை முதலில் செட்அப் செய்யும்போதே அதைச் செய்ய வேண்டும். அவசரப்பட்டுத் தொடங்கிவிட்டால் போனை முழுதாக அழித்துத் திரும்பவும் முதலில் இருந்து.

மாங்கொட்டை: இவ்வளவு கூத்தும் எதற்கு, வட்ஸ்அப் பார்க்கவா?

கொக்குவிலான்: கூத்து ஒரு பின்னேர வேலை. மாமா சும்மா தருகிறதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து விளம்பரம் வாங்கச் சொல்கிறீர்.

வடலி: சரி, ஐடியைக் கழற்றச் சொல்லி, பற்றரியின் ஆரோக்கியம் (பற்றரி ஹெல்த்) எத்தனை சதவீதம் என்றும் மாமாவிடம் கேட்கிறேன். 80க்குக் கீழே என்றால் புதுப் போன்தான்.