நாள்தோறும் ஒரு வெண்பா: வழக்கமாக்குவது எப்படி?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். யாப்பிலக்கணத்தை முறையாகப் படித்திருக்கிறேன். வெண்பா எழுதவும் வருகிறது. ஆனால் என் எழுத்து முழுவதும் விடுமுறை நாட்களில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அமர்ந்தால் நான்கைந்து வெண்பாக்கள் அமைந்துவிடுகின்றன. அதன் பிறகு வாரக்கணக்கில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வாய்ப்பதில்லை. மறுபடி அமரும்போது தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இசையும் முறை) செவியில் நிற்பதில்லை. ஒவ்வொரு சீரையும் அசை பிரித்துப் பார்த்தே மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான் பேசுகிறோம் என்றாலும், அலுவலகக் கடிதம், பேருந்துப் பலகை, செய்தித்தாள் என்று கண்ணில் படும் எழுத்தெல்லாம் பெரும்பாலும் மலையாளமாகவே இருப்பதால், செய்யுள் தமிழோடு அன்றாடத் தொடர்பை நானேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே நாள்தோறும் ஒரு வெண்பா என்று வைத்துக்கொள்ள விரும்புகிறேன். இதற்கு நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லதா, அளவைக் குறித்துக்கொள்வது நல்லதா? எதைப் பற்றி எழுதுவது என்ற யோசனையிலேயே கிடைக்கும் அரைமணியும் போய்விடாமல் இருக்க வழி உண்டா?

மறுமொழி 1 (நகரி, ஆந்திரம்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வழக்கம் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்கள் பக்கத்தில் தெலுங்கு அவதானம் (பலர் மாறிமாறித் தரும் சோதனைகளை ஒருவரே நினைவாற்றலால் நிறைவேற்றும் கலை) இன்றும் நடக்கிறது. அஷ்டாவதானத்தில் எட்டுப் பேர் சுற்றி அமர்ந்து அவதானியைச் சோதிப்பார்கள். அவர்களில் ஒருவர், பொருந்தாத பொருளுடைய ஒரு கடைசி அடியை மட்டும் கொடுத்து, அதற்கு முந்தைய அடிகளைப் பாடி நிரப்பச் சொல்வார். அதைச் சமஸ்யா பூரணம் என்பார்கள். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது தமிழ்ப் புலவர் அவைகளிலும் நெடுங்காலமாக இருந்த வழக்கமே. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்து, 1907இல் சென்னையில் சதாவதானம் (நூறு சோதனைகள் கொண்ட அவதானம்) செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) இவ்வாறு ஈற்றடிக்கு வெண்பா பாடுவதில் பெயர் பெற்றவர்.

நான் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஞாயிறன்று அந்த வாரத்துக்கான ஏழு ஈற்றடிகளை எழுதி வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் அன்றைய ஈற்றடி ஏற்கெனவே காத்திருப்பதால், பொருளைத் தேடும் வேலை எனக்கு இல்லை. மேலே உள்ள பன்னிரண்டு சீர்களைத் தேடினால் போதும். நான்கடி நேரிசை வெண்பாவுக்கு நேரம் இல்லாத நாளில் அதே ஈற்றடியைக் கொண்டு இரண்டடிக் குறள் வெண்பா எழுதிவிடுகிறேன்; ஏழு சீர்களில் மூன்று கையில் இருப்பதால் நான்கே சீர்கள் தேவைப்படும். உங்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். ஈற்றடிகளை நீங்களே எழுதுவதைவிட, வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் ஒரு சொல்லை வைத்து அமைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

மறுமொழி 2 (வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்)

ஐயா, நேரமா அளவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் விட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் பின்னால் எழுத்தைக் கட்டிவிடுவதே உறுதியானது என்பது என் கருத்து. எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு விடியற்காலை ஐந்து மணி என்று குறித்து வைப்பதில் பயனில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும், விருந்தாளி வந்தாலும் அந்த ஐந்து மணி என்னுடையதாக இருக்காது. பல பெண்களின் நிலை இதுதான், கடிகாரத்தை நம்பிச் சொல்லப்படும் அறிவுரைகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆனால் காலையில் ஜீப்புக்காகக் காத்து நிற்பது ஒரு நாளும் தவறுவதில்லை. அங்கே நின்றபடியே முதல் அடியை மனத்துக்குள் அமைத்துவிடுவேன்.

தாளும் பேனாவும் வேண்டும் என்பதில்லை. வெண்பாவின் பதினைந்து சீர்களையும் எதுகை, மோனை பிடித்துக்கொள்வதால் மாலை வரை அது மனத்தில் நிற்கும். இங்குள்ள மலையாள நண்பர்கள் அட்சரசுலோகப் போட்டிக்காக நூற்றுக்கணக்கான சுலோகங்களை மனனம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். யாப்பு செவியில் தங்க மனனமே வழி. நீங்கள் எழுதாத நாளிலும் பழைய வெண்பா ஒன்றை உரக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்)

மேலே அம்மா சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும், 96 பேரை ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, காலை உணவுக்குப் பின் என்பதுபோல் ஒரே சூழலில் 12 வாரம் தொடர்ந்து செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். முடிவுகள் 2010இல் அச்சாயின. செயல் தானாக நிகழும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடு அளவு 66 நாள். பலரும் சொல்லும் 21 நாள் என்பது, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் தம் நோயாளிகள் புதிய முகத்தோற்றத்துக்குப் பழகும் காலம் குறித்து 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. இடையில் ஒரு நாள் விடுபட்டால் வழக்கம் குலைந்துவிடுவதில்லை என்றும் லாலி குழுவினர் கண்டார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவை பழம் உண்பது, நீர் அருந்துவது, உடற்பயிற்சி செய்வது போன்றவை. வெண்பா ஒருநாளும் தானாக வராது. தானாக வரக்கூடியது உட்காருவது மட்டுமே. ஆகையால் அன்றைய வெண்பா நன்றாக அமைந்ததா என்பதை வைத்து வழக்கத்தை அளக்காதீர்கள். அன்றன்று எழுதியதை அன்றே தீர்ப்பிடாமல் தேதியிட்டு வைத்துவிட்டு, மாத இறுதியில் மொத்தமாகப் படித்து, நிற்கத் தகுந்ததை மட்டும் தனி நோட்டில் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கான வெண்பாவிடம் கவிதையாகவும் இரு என்று கேட்டால் இரண்டும் கெடும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளியில் மதிய உணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவும் நேரம் எனக்குத் தவறாமல் கிடைக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் சொல் கேட்டேன், "காற்று" என்றாள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊரில் கிழக்குக் காற்று அடிக்கும் வேகம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஈற்றடியாக "பனையை உலுக்கிய காற்று" என்று அமைத்திருக்கிறேன். நகரி நண்பர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மறுமொழி 4 (நகரி, ஆந்திரம்)

ஈற்றடி சரியாக இருக்கிறது, ஐயா. மூன்று சீர்களும் முறையே புளிமா, கருவிளம், காசு. மாச்சீரை அடுத்து நிரையசையும் விளச்சீரை அடுத்து நேரசையும் வந்து, வெண்பாவுக்குரிய வெண்டளை அமைந்திருக்கிறது. மூன்றாம் அடியின் எதுகைக்கு மனை, வினை, தினை, நினைவு என்று பலவும் கிடைக்கும்; பனையின் முதலெழுத்துக் குறில் என்பதால் யானை மட்டும் வராது. அடுத்து "பனையை" என்று நிரையில் தொடங்குவதால், மூன்றாம் அடியின் கடைசிச் சீர் தேமாவாகவோ புளிமாவாகவோதான் இருக்க வேண்டும். நானும் நாளை இதே ஈற்றடிக்கு எழுதுகிறேன். நீங்கள் எழுதியதும் இங்கே இடுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.