புதுப்பிப்பு: பின் சக்கர உரசல் சத்தம், காரணம் கிடைத்தது

பின் இடது சக்கரத்தில் ‘கர்ர்’ என்று உரசல், பிரேக்கை மிதித்தால் அடங்கிவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பேரிங்காக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் பயந்தேன்.

பேரிங் இல்லை. பெங்களூர் அல்சூரில் நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர், வண்டி வந்து நின்ற சூட்டோடு இரண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனார். இடதில் மட்டும் அனல். “ஷூ ஒட்டிக்கிட்டே ஓடுது தம்பி” என்றார். அதாவது, பிரேக் போடும்போது மட்டும் டிரம்மின் (சக்கரத்தோடு சுழலும் உருளை) உள்பக்கத்தை அழுத்த வேண்டிய பிரேக் ஷூ, விலகாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. டிரம்மைக் கழற்றினால், ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் கொக்கியருகே துருப்பிடித்து முறிந்து கிடந்தது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங்கின் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

ஸ்பிரிங், ஷூ இரண்டு பக்கமும் மாற்றியாச்சு. சத்தம் அறவே இல்லை. அப்புறம், டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.