63 ஆம்பியர் எலிமென்ட் ஒரு மணி நேரமாகியும் போகமாட்டேன் என்கிறது, அவசரம்

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 10.12

வணக்கம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன் (பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம், ஊட்டிக்குப் போகிற வழியில் இருப்பது இல்லை). எச்.ஆர்.சி. ஃபியூஸுக்கு (பெரிய ஷார்ட்டையும் வெடிக்காமல் அறுக்கிற, மணல் நிரப்பிய ஃபியூஸ்) எலிமென்ட், அதாவது உள்ளே உருகி அறுந்துபோக வேண்டிய பட்டை, அடித்துக் கொடுக்கிறோம். செம்புப் பட்டை, மேலே வெள்ளி முலாம், நடுவில் ஈயப் பொட்டு. மூன்று வருஷமாக ஓடுகிற அதே டிசைன், அதே டை. இப்போது ரேட்டிங்கைப்போல 1.6 மடங்கு கரன்ட் விடுகிற டெஸ்டில் அறுந்துபோகாமல் நிற்கிறது. பாடியில் ஒட்டிய லேபிள் பழுப்பாகிக் கருகுகிறது, எலிமென்ட் போகவில்லை. வெள்ளிக்கிழமை லாட் அனுப்பியாக வேண்டும். நாங்கள் எதையும் மாற்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கெடிலம் | இரவு 10.31

ரேட்டிங் தலைப்பில் இருக்கிறது, சரி. மற்றது? எத்தனை வோல்ட்? ஜிஜி வகையா (ஓவர்லோடு, ஷார்ட் இரண்டுக்கும் போகிற பொது வகை), மோட்டார் வகையா? பட்டையின் தடிமன், அகலம், கழுத்து (பட்டை குறுகுகிற இடம்) எத்தனை வரிசை? பொட்டு எந்த வரிசைக்குப் பக்கத்தில்? எத்தனை பீஸ் போட்டுப் பார்த்தீர்கள், அதில் எத்தனை நின்றன? "போகவில்லை" என்றால் எத்தனை நிமிஷம் காத்திருந்தீர்கள்?

ஓய்வுபெற்ற_பொறியாளர் | இரவு 10.58

தம்பி, முதலில் ஃபியூஸுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13703-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 63 ஆம்பியர் ஜிஜி என்றால் 1.25 மடங்கில், அதாவது 78.75 ஆம்பியரில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். 1.6 மடங்கில், 100.8 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். 63-க்கு மேல் 160 வரை இரண்டு மணி நேரம். இது தெரியாமலேயே பலர் டெஸ்ட் பெஞ்ச் போட்டுவிடுகிறார்கள்.

டெஸ்டுக்கு என்ன கேபிள் போட்டீர்கள்? அதைச் சொல்லவே இல்லை. கையில் கிடைத்த 50 சதுர மி.மீ. கேபிளை மாட்டினால் அது சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், எலிமென்ட் எப்படிப் போகும்? முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், பத்துக்கு எட்டுக் கேஸ் இதுதான்.

உப்புக்காற்று | இரவு 11.20

நான் கடலூர் முதுநகர் ஆள். கடலோரத்தில் இருந்துகொண்டு வெள்ளி முலாம் போட்டால் இப்படித்தான் ஆகும். உப்புக்காற்றில் வெள்ளி கறுத்துவிடும், அப்புறம் அதன்மேல் ஈயம் ஒட்டாது. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கே பத்து நாளில் களிம்பேறிவிடுகிறது. பட்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள்.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | இரவு 11.34

குத்துவிளக்கு பித்தளை ஐயா. வெள்ளி கறுப்பது உப்பால் அல்ல, காற்றில் இருக்கும் கந்தகத்தால். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்ட வேண்டாம்.

பட்டறைக்காரன் | புதன், காலை 6.47

மன்னிக்கவும், மொபைலில் அடிக்கிறேன். 500 வோல்ட், ஜிஜி. செம்பு 0.2 தடிமன், 8 அகலம், கழுத்து 5 வரிசை. ஒரு பாடிக்கு ஒரு பட்டை. பொட்டு நடு வரிசையை ஒட்டி. கேபிள் தரத்தில் சொன்னபடி 16 சதுர மி.மீ.தான், இரண்டு பக்கமும் ஒரு மீட்டர். 12 பீஸ் போட்டோம். 2 பீஸ் 30 நிமிஷத்துக்குள் போய்விட்டன. 10 பீஸ் 75 நிமிஷம் நின்றன, அப்புறம் நாங்களே ஆஃப் செய்தோம். குளிர்ந்த நிலையில் மில்லிஓம் (மின்தடை) எல்லாம் ஒரே மாதிரி, பழைய ரெக்கார்டோடு ஒத்துப்போகிறது.

சல்லடை | காலை 7.15

மில்லிஓம் சரி என்றால் பட்டையில் குற்றமில்லை. பாடிக்குள் நிரப்புகிற மணலைப் பாருங்கள். குவார்ட்ஸ் மணல் எங்கிருந்து வருகிறது? வைப்ரேட்டரில் எத்தனை நிமிஷம் இறுக்குகிறீர்கள்? போன லாட்டைவிட இறுக்கமாக நிரப்பியிருந்தால் சூடு வேகமாகப் பாடிக்குப் போகும், பட்டை குளிர்ச்சியாகவே இருக்கும். லேபிள் கருகுகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே. மணலை ஒரு தரம் எடை போட்டுப் பாருங்கள்.

வில்லியனூர்_ஒயர்மேன் | காலை 7.40

மணல்தான் பிரச்சினை என்றால் கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிறையக் கிடக்கிறது. பேரே சில்வர் பீச், முலாம் செலவும் மிச்சம்.

சல்லடை | காலை 7.52

சிரிக்காதீர்கள், கடல் மணலை நிரப்பிய டூப்ளிகேட் ஃபியூஸை நான் கையால் உடைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே கிளிஞ்சல் துண்டு. உப்பும் ஈரமும் இருக்கிற மணல், ஷார்ட் அடிக்கும்போது ஆர்க்கை (பட்டை அறுந்த இடத்தில் பாய்கிற மின்பொறியை) அணைக்காது, பாடியே வெடிக்கும். நல்ல குவார்ட்ஸ் மணல் அந்தச் சூட்டில் உருகி, பட்டை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்தாலே ஃபியூஸ் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம்.

கெடிலம் | காலை 8.20

மணல் மாறியிருந்தால் எல்லாப் பீஸும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கும். 2 ஒழுங்காகப் போய் 10 அடம்பிடிப்பது இரண்டு வகைப் பட்டை கலந்த மாதிரித் தெரிகிறது. அந்த இரண்டும் எந்தப் பெட்டியில் எடுத்தது, பட்டறைக்காரரே? அதோடு பொட்டு சுத்த வெள்ளீயமா, காரீயம் கலந்ததா? அதையும் சொல்லுங்கள்.

வில்லியனூர்_ஒயர்மேன் | காலை 8.31

எனக்கு ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். வீட்டுக் கட்டை ஃபியூஸில் ஒற்றைச் செம்பு இழை போடுகிறோம், சரியாகப் போகிறது. இதற்கு மட்டும் ஏன் செம்பு, வெள்ளி, ஈயம் என்று மூன்று உலோகம்?

ஓய்வுபெற்ற_பொறியாளர் | காலை 9.05

சரியாகப் போகிறதாம்! பிரீஸ் என்பவர் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. செம்புக் கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, 80-ஆல் பெருக்கினால் அது உருகும் ஆம்பியர். 1 சதுர மி.மீ. ஒயரில் ஓர் இழை 0.3 மி.மீ. என்றால் சுமார் 13 ஆம்பியர். நீங்கள் இரண்டு மூன்று இழையை முறுக்கிப் போட்டுவிட்டு 5 ஆம்பியர் ஃபியூஸ் என்று எழுதிவைப்பீர்கள். சுவருக்குள் இருக்கிற ஒயர்தான் முதலில் போகும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செம்பு உருக 1085 டிகிரி, வெள்ளிக்கு 962. ஷார்ட் சர்க்யூட்டில் கழுத்து கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தொட்டுவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் ஒன்றரை மடங்கு ஓவர்லோடு ஒரு மணி நேரம் ஓடினால்? பட்டை அந்தச் சூட்டை எட்டுவதற்குள் பாடியும் ஹோல்டரும் கருகிப்போகும். அதற்குத்தான் பொட்டு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், உருகியதும் அடியில் இருக்கிற செம்பைக் கரைத்துக் குடிக்க ஆரம்பிக்கும். உப்பு தண்ணீரில் கரைய அதன் உருகுநிலை வரை சுட வேண்டுமா என்ன? அதே கதைதான். கரைந்த இடத்தில் மின்தடை ஏறும், இன்னும் சூடாகும், இன்னும் கரையும், கடைசியில் அறுந்துவிடும். மெட்காஃப் என்பவர் 1939-இல் எழுதியது. அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் எம் எஃபெக்ட் என்கிறோம். பொட்டு அழகுக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டு அல்ல.

உப்புக்காற்று | காலை 9.30

அப்படியானால் ஈயம் விஷம் என்று பல நாட்டிலும் தடுக்கிறார்களே, நீங்கள் இன்னும் ஈயப் பொட்டு வைக்கிறீர்களா?

சல்லடை | காலை 9.41

தடுப்பது காரீயத்தை. இது வெள்ளீயம். ஈயச்சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டு வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வியா?

உப்புக்காற்று | காலை 9.48

இப்போது கடையில் விற்கிற ஈயச்சொம்பில் காரீயம் கலக்கிறார்கள், எங்கள் அக்கா வீட்டில் வாங்கியதைச் சுரண்டினால் பேப்பரில் கறுப்பாகக் கோடு விழுகிறது.

வில்லியனூர்_ஒயர்மேன் | காலை 10.02

நல்ல ஈயத்தை வளைத்தால் கிறீச்சென்று சத்தம் வரும் என்று எங்கள் ஆயா சொல்லும். ஆனால் சொம்பை யார் வளைத்துப் பார்ப்பது! ஒரு தரம் ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்துவிட்டு ஆயா கொல்லைப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் சொம்பு இல்லை, பர்னர் மேல் வெள்ளியாய் ஒரு குட்டை.

சல்லடை | காலை 10.10

அதேதான். ரசம் இருக்கும் வரை நூறு டிகிரியைத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். என் மணல் கணக்கும் அதுதான்! மணல் இங்கே ரசம். சூட்டை வாங்கிக்கொண்டே இருந்தால் பொட்டு உருகாது.

கெடிலம் | காலை 10.15

ரசத்தைக் கீழே இறக்குங்கள். அவர் வெள்ளிக்கிழமை லாட் அனுப்ப வேண்டும்.

மில்லிஓம் | காலை 11.02

படித்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டறைக்காரரே, நின்றுபோன ஒரு பீஸை உடைத்து, மணலைக் கொட்டிவிட்டு, பொட்டைக் கண்ணால் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும். பொட்டு உருகாமல் வைத்தபடியே இருந்தால் சல்லடை சொல்வது சரி, சூடு போதவில்லை. உருண்டையாகச் சுருண்டு விலகியிருந்தால் ஒட்டவில்லை. உருகி, பட்டையில் நன்றாகப் பரவி, ஆனால் அடியில் செம்பு முழுசாக இருந்தால் நடுவில் ஏதோ தடுக்கிறது.

இன்னொன்று. பட்டை பார்க்க எப்படி இருக்கிறது? பழையதைவிடப் பளபளப்பா?

பட்டறைக்காரன் | மதியம் 1.26

உடைத்துப் பார்த்தேன். மூன்றாவது. நன்றாகப் பரவியிருக்கிறது, கத்தியால் சுரண்டினால் அடியில் பட்டை அப்படியே. பளபளப்பு ஆமாம், இப்போது வருவது கண்ணாடி மாதிரி இருக்கிறது, முகமே தெரிகிறது. முன்பு பால் வெள்ளையாக வரும். போன மாதம் முலாம் போடுகிற இடத்தை மாற்றினோம், கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வெள்ளி அதே தடிமன்தான் கேட்டோம்.

கெடிலம் | மதியம் 1.30

"நாங்கள் எதையும் மாற்றவில்லை."

மில்லிஓம் | மதியம் 1.44

நிக்கல். வெள்ளிக்கு அடியில் பளபளப்பு நிக்கல் ஒரு கோட்டு போட்டிருப்பார்கள். நகை, கோப்பை, சாமான்களுக்கு அப்படித்தான் போடுவது வழக்கம். மேலே கொஞ்சம் வெள்ளி போதும், மினுங்கும், அடிச் செம்பு ஊடுருவி நிறம் மாறாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஃபியூஸுக்கு என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

உருகிய வெள்ளீயம் மேலே இருக்கிற வெள்ளியை நொடியில் விழுங்கிவிடும். அடுத்து நேரே செம்பைத் தொட வேண்டும். நிக்கல் குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் நிக்கல் வெள்ளீயத்தில் மிக மிக மெதுவாகத்தான் கரையும். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் செம்பைக் காப்பாற்றவென்றே அதைத் தடுப்பாகப் போடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது நேர்மாறு. சில மைக்ரான் தடிமன்தான் என்பதால் மில்லிஓம் மீட்டரில் தெரியாது.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிரித்தால் வலுவான காந்தம் கிடைக்கும். முலாம் போட்ட பட்டையில் ஒரு துண்டு வெட்டி, தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டுக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். செம்பும் வெள்ளியும் அசையாது. நிக்கல் இருந்தால் துண்டு காந்தத்தைப் பார்த்துத் திரும்பும். (மின்சாரம் இல்லாமல் ரசாயனக் குளியலில் பாஸ்பரஸ் அதிகமாகச் சேர்த்துப் போட்ட நிக்கல் என்றால் காந்தத்துக்கு மசியாது, அதனால் அசையவில்லை என்றால் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.) அடுத்து சால்டர் உருக்குகிற சட்டியில் சுத்த வெள்ளீயத்தை 320 டிகிரிக்கு வைத்து, பழைய பட்டை ஒன்று, புதுப் பட்டை ஒன்று, பத்து நிமிஷம் முக்கி எடுங்கள்.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | மதியம் 2.20

நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். பொட்டு செம்பைக் குடிக்க வேண்டும் என்று காலையிலேயே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

சல்லடை | மதியம் 2.33

கேபிள் என்றுதானே ஆரம்பித்தீர்கள், ஐயா?

ஓய்வுபெற்ற_பொறியாளர் | மதியம் 2.41

கேபிளையும் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் மணலை எடை போட்டாயிற்றா?

உப்புக்காற்று | மாலை 4.10

நிக்கல் கோட்டு போட்டதே கடலோரத்தில் கறுக்காமல் இருக்கத்தான் என்றால், நான் சொன்னதும் ஒரு வகையில் சரிதானே?

பட்டறைக்காரன் | வியாழன், இரவு 9.55

நிக்கல்தான். நூலில் தொங்கிய துண்டு ஓடி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. சால்டர் சட்டியில் பழைய பட்டை கழுத்து கரைந்து துண்டு துண்டாக வந்தது, புதியது போட்டபடியே. டெஸ்டில் போன அந்த 2 பீஸும் பழைய லாட் பட்டை, பெட்டியில் அடியில் கிடந்ததாம். நிக்கல் இல்லாமல் 50 பட்டைக்கு முலாம் போட்டு வாங்கினேன். அதில் 6 போட்டதில் 100.8-இல் எல்லாம் 24 முதல் 33 நிமிஷத்துக்குள் போயின. 78.75-இல் 3 போட்டேன், மூன்றும் ஒரு மணி நேரம் நின்றன. லாட் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டது. எல்லாருக்கும் நன்றி, மில்லிஓம் அண்ணனுக்குத் தனியாக.

கெடிலம் | இரவு 10.08

நல்லது. இனி முலாம் ஆர்டர் சீட்டில் "அடியில் நிக்கல் கூடாது" என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். மீதிப் பட்டையை என்ன செய்யப் போகிறீர்கள்?

வில்லியனூர்_ஒயர்மேன் | இரவு 10.15

ஓவர்லோடுக்குத்தானே போகாது? மோட்டார் வகை ஃபியூஸில் போட்டுவிடலாமே, அங்கே ஓவர்லோடை ரிலே பார்த்துக்கொள்ளும்.

மில்லிஓம் | இரவு 10.29

வேண்டாம். மோட்டார் வகைக்கு வேறு வளைவு (எத்தனை ஆம்பியரில் எத்தனை நேரத்தில் போகும் என்கிற கோடு), வேறு டெஸ்ட். கழுத்தின் அளவே வேறு மாதிரி வரும். பொட்டு வேலை செய்யாத 63 ஜிஜி பட்டை மோட்டார் பட்டை ஆகிவிடாது. பழைய செம்பு விலைக்கு எடைக்குப் போடுங்கள். மேலே வெள்ளி இருக்கிறது, அதைச் சொல்லி விலை பேசுங்கள்.

உப்புக்காற்று | இரவு 10.40

எத்தனை கிலோ இருக்கும்?