‘பெண்டிங் ரிக்வெஸ்ட்’: நிலுவையா, விடைவராக் கோரிக்கையா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையச் சொற்களைத் தமிழாக்கும் நம் உரையாடலில், உலாவி வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்பி, பயனர் பக்கத்தை விட்டுக் கிளம்பும்போது பதில் வந்து சேராமல் இருக்கும் கோரிக்கைக்கு, அதாவது ‘பெண்டிங் ரிக்வெஸ்ட்’டுக்கு, ‘நிலுவைக் கோரிக்கை’ போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலுவை என்றதும் யாரும் கையில் எடுக்காத கோப்பும் கட்டாத பாக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே கோரிக்கை போய்விட்டது. வழங்கி வேலையை முடித்தேகூட இருக்கலாம். பதில்தான் வரவில்லை.

முதலில் ‘விடைபெறாக் கோரிக்கை’ என்று எழுதிப் பார்த்தேன். விடைபெறுவது என்றால் கிளம்புவதும்தானே? பயனர் கிளம்புவதைப் பேசும் இடத்தில் அது குழப்பும். அதனால் ‘விடைவராக் கோரிக்கை’ என்று முன்மொழிகிறேன்.

ஒரு வேறுபாட்டையும் காப்பாற்ற வேண்டும். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் பழைய 1.1 பதிப்பில், உலாவிகள் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் பொதுவாக 6 இணைப்புகள்தான் திறக்கும். ஏழாவது கோரிக்கை உலாவிக்குள்ளேயே நிற்கும். ‘பெண்டிங்’ என்ற சொல் கிளம்பியது, கிளம்பாதது இரண்டையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. கிளம்பாமல் நிற்பதை ‘வரிசைக் கோரிக்கை’ என்போம். கிளம்பிப் போனது மட்டும் விடைவராதது.

அடுத்தது ‘அபார்ட்’ (abort), அதாவது அனுப்பிய கோரிக்கையை உலாவி பாதியில் விட்டுவிடுவது. இதை ‘ரத்து’ என்று தமிழாக்குவதைக் கைவிடும்படி வேண்டிக் கேட்கிறேன். நான் மொழிபெயர்த்த ஒரு படிவத்தில் இது நடந்தது. ஒருவர் ‘சேமி’யை அழுத்திவிட்டு, உடனே வேறொரு இணைப்பையும் சொடுக்கிவிட்டார். உலாவி பழைய கோரிக்கையை விட்டுவிட்டது. நிரலுக்குக் கிடைத்த நிலைக்குறி 0, அதாவது பதில் ஏதும் கிடைக்கவில்லை. திரை மாறுவதற்கு முன் ‘கோரிக்கை ரத்து செய்யப்பட்டது’ என்ற என் வரி ஒரு கணம் மின்னியது. அவர் அதை நம்பித் திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினார். வழங்கியில் இரண்டு பதிவுகள். முதல் கோரிக்கை ஏற்கெனவே போய்ச் சேர்ந்து எழுதப்பட்டிருந்தது. ரத்து என்றால் நடந்தது இல்லையென்று ஆகிவிட்டதாகத்தான் எவரும் எடுத்துக்கொள்வார். உலாவி செய்ததோ, பதிலுக்குக் காத்திருப்பதை நிறுத்தியது மட்டும். அதற்குக் ‘கைவிடல்’தான் சரி.

பயனர் தானே கிளம்பியதால் கைவிடப்பட்ட கோரிக்கைக்குப் பிழைச்செய்தி காட்டவே வேண்டாம் என்பதும் என் கருத்து. அது நிரலாளர் வேலை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் ‘பீக்கன்’ (beacon). ‘கலங்கரை’ என்ற பரிந்துரை வேலைக்கு ஆகாது. பக்கம் மறையும் நேரத்தில் சிறு தரவை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம், பக்கம் மூடிய பிறகும் உலாவி அதை அனுப்பிவிடும். பதிலை நிரல் பார்க்கவே முடியாது. அளவும் 64 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். ‘விடைவேண்டாக் கோரிக்கை’ என்றால் விடைவராததோடு ஜோடியாகவும் நிற்கும், வேறுபாடும் காதிலேயே விழும்.

‘ஒத்தியங்கா’ (அசிங்க்ரனஸ், பதிலுக்குக் காத்து நிற்காத) என்ற அடைமொழியை இந்த இடங்களில் விட்டுவிடலாம். விடைக்குக் காத்திராமல் பயனர் கிளம்ப முடிகிறது என்பதிலேயே அது அடங்கிவிடுகிறது.

நிரலாளர் பிழைச்செய்தியை நிறுத்தும்வரை, என் படிவத்தில் அந்த ‘ரத்து’ வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘விடை வருவதற்குள் பக்கம் மாறியது. உங்கள் பதிவு சேமிக்கப்பட்டிருக்கலாம். மீண்டும் நிரப்பும் முன் பட்டியலைப் பாருங்கள்.’ இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது எழுத வந்தால் அனுப்புங்கள், பொத்தானுக்கு மேல் இடம் குறைவு.