நிலக்கடலைத் தயிரில் மோர்க்குழம்பு திரிகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பால், தயிர், நெய் ஆகியவற்றை விட்டு எங்கள் வீடு முழுக்கத் தாவர உணவுக்கு மாறி எட்டு மாதங்கள் ஆகின்றன. சாம்பார், ரசம், துவையல் எல்லாம் முன்பே பெரும்பாலும் அப்படித்தான் என்பதால் சிரமம் இல்லை. தயிர் ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் மாடித் தோட்டத்துப் பச்சை மிளகாய்க் காம்புகள் ஏழெட்டைப் போட்டு மூடி வைக்கிறேன். முதல்முறை நீர்த்துத்தான் உறைகிறது; அதையே உறையாக ஊற்றினால் மறுநாள் ஓரளவு கெட்டிப்படுகிறது. சாதத்தில் பிசைந்து உண்ணக் குறையில்லை. கடலை வாசனை மட்டும் என் மாமியாருக்கு ஒப்பவில்லை (வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஊறுகாயை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்வார்).

சிக்கல் மோர்க்குழம்பில்தான். மாடியில் காய்த்த வெண்பூசணியை வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயுடன் ஊறவைத்த துவரம்பருப்பையும் அரைத்துச் சேர்த்து, தயிரைக் கடைசியாக ஊற்றி, நுரைத்து வந்ததும் இறக்கிவிடுகிறேன். அப்படியும் திரிந்து திப்பிதிப்பியாக நிற்கிறது. பருப்புக்குப் பதில் அரிசி மாவைக் கரைத்து ஊற்றியதில் குழம்பு கூழானதே தவிர, திரிவது நிற்கவில்லை.

தயிர் மிகுதியாகப் புளித்துவிடுவதால் இப்படி ஆகிறதா, அல்லது காய்ச்சும்போதே கடலைப் பாலில் ஏதேனும் சேர்க்க வேண்டுமா? தேங்காய்ப் பால் கலந்து உறையூற்றியவர்கள் அளவைக் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். முந்திரியை மட்டும் பரிந்துரைக்க வேண்டாம். ஆறு பேர் உண்ணும் வீட்டில் அன்றாடம் அது கட்டுப்படியாகாது. கொடியில் இன்னும் இரண்டு பூசணிக்காய்கள் முற்றி நிற்கின்றன.