6 நாள் ஸ்டூடியோ, 10 பாட்டு: ராக் ஆல்பத்துக்கு நாட்களை எப்படிப் பிரிப்பது?

இரண்டாவது_கிட்டார்:

நாலு பேர் பேண்ட். டிரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார். கிட்டார் வாசிக்கிறவர்ல ஒருத்தர்தான் பாடுறார். 10 பாட்டு, மொத்தம் 41 நிமிஷம். இருக்கிற பணத்துக்கு நல்ல ஸ்டூடியோ 6 நாள் கிடைக்கும், நாளுக்கு 10 மணி நேரம். அதுக்கு வெளியே எங்ககிட்ட லேப்டாப், ரெண்டு சானல் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட இணைக்கிற பெட்டி), ஒரு எஸ்எம்57 மைக் இருக்கு. மிக்ஸும் (எல்லா ட்ராக்கையும் சேர்த்துக் கலக்கிறது) மாஸ்டரும் (கடைசி ஒலிச் சீரமைப்பு) வெளியே கொடுக்கப் போறோம்.

எதை ஸ்டூடியோவில் முடிக்கணும், எதை வெளியே தள்ளலாம்? எல்லாரும் ஒண்ணா நின்னு வாசிக்கிறதா, ஒவ்வொண்ணா அடுக்குறதா? முந்தைய இபி-க்கு (ஆல்பத்தை விடச் சின்ன வெளியீடு) வந்த விமர்சனங்கள்ல ரெண்டு குறை திரும்பத் திரும்ப வந்தது: "டெமோ மாதிரி இருக்கு", "எல்லாப் பாட்டும் ஒண்ணு போலவே இருக்கு". இது மாஸ்டரிங்கில் சரி பண்ணக்கூடிய விஷயமா?

---

அறை_மைக்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: இல்லை. அந்த ரெண்டு குறையும் பெரும்பாலும் ட்ராக்கிங்கிலேயே (வாசிச்சுப் பதிவு பண்ணும்போதே) உண்டாகுது.

ஸ்டூடியோவில் முடிச்சே ஆகவேண்டியது டிரம்ஸ் ஒண்ணுதான். 10, 12 மைக், அத்தனைக்கும் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்குற கருவி), உயரமான கூரை இருக்கிற அறை, இது மூணும் உங்களுக்கு வெளியே கிடைக்காது. மத்த எதையும் ரெண்டு சானலில் திருப்பி எடுத்துக்கலாம். அதனால 6-ல 4 நாள் டிரம்ஸுக்கு.

முந்தின நாளே எல்லா டிரம்முக்கும் புது ஹெட் (அடிக்கிற தோல்) மாட்டி, டியூன் பண்ணி, கொஞ்ச நேரம் அடிச்சு வையுங்க. புது ஹெட் இழுபட்டு இழுபட்டு சுருதி இறங்கும். அந்த இறக்கத்தை ஸ்டூடியோ நேரத்தில் நடக்க விடாதீங்க. ஸ்நேருக்கு (கூர்மையா ஒலிக்கிற டிரம்) மட்டும் கூடுதலா ரெண்டு, மூணு ஹெட் வேணும். மூணு நாலு பாட்டு பலமா அடிச்சதும் நடுப்பகுதி குழிஞ்சு, அடியோட கூர்மை போயிடும். கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) பெடல் கீச்சுன்னா எண்ணெய் விடுங்க. மேடையில் கேட்காத கீச்சு, மைக்கில் நல்லாவே கேட்கும்.

முதல் நாள் ஒரு பாட்டும் எடுக்காதீங்க. ஃப்ளோர் டாமை (தரையில் நிக்கிற டிரம்) மட்டும் தூக்கிட்டு அறை முழுக்க நடந்து அடிச்சுப் பாருங்க. எங்க அடிநாதம் நிறைஞ்சு வருதோ அங்கதான் டிரம் கிட்டை வைக்கணும். அப்புறம் மைக். கிக் உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. ஸ்நேர் மேலே எஸ்எம்57, கீழே இன்னொண்ணு. கீழே உள்ளதுக்கு போலாரிட்டி (அலையோட மேல் கீழ்) திருப்பியே ஆகணும். ஓவர்ஹெட் (கிட்டுக்கு மேலே வைக்கிற மைக்) ரெண்டும் ஸ்நேரின் மையத்திலிருந்து ஒரே தூரம், கயிறு வச்சு அளங்க. சத்தம் 1 மீட்டர் கடக்க கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகுது. அந்த வித்தியாசத்தில் ஒரு மைக்கின் அலை ஏறும்போது இன்னொண்ணில் இறங்கினா ஸ்நேரின் கனம் காணாமப் போகும். சோதிக்க ஒரே வழி: மானிட்டரை மோனோவில் போட்டு, ஓவர்ஹெட்டோட ஒவ்வொரு மைக்கா ஏத்தி, போலாரிட்டி பட்டனை மாத்தி மாத்தி அழுத்துங்க. எதில் அடிநாதம் கூடுதோ அது சரி. "டெமோ மாதிரி"ங்கிற பேச்சுக்குப் பாதிக் காரணம் இந்த அரைமணி நேர வேலையைத் தாண்டிப் போறதுதான்.

2, 3, 4-ஆம் நாட்களில் தலா மூணு நாலு பாட்டு. வரிசை ஆல்பத்தின்படி வேணாம். டியூனிங்கும் ஸ்நேரும் ஒத்துப்போற பாட்டுகளைச் சேர்த்து எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் முழுசா மூணு டேக் (தடவை பதிவு). மூணாவது ரெண்டாவதை விட மோசமா இருந்தா அடுத்த பாட்டுக்குப் போங்க, டிரம்மருக்குக் கை அலுத்தாச்சு.

டிரம்மர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும்: தோலைப் பலமா அடி, சிம்பலை மெதுவா அடி. ஹை-ஹாட்டை (ஜோடி சிம்பல்) ஓங்கி அடிச்சா அது ஸ்நேர் மைக்கில் நிறைஞ்சுடும். மிக்ஸில் ஸ்நேரை பிரகாசமாக்க முயற்சி பண்ணும்போது ஹை-ஹாட்தான் முன்னாடி வந்து நிக்கும். அறையோட ஒலியைத் தூரத்திலிருந்து எடுக்கிற மைக்கைக் கம்ப்ரெஸ் பண்ணினா (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைச்சா) இன்னும் கேவலம். இதுக்கு எந்த ப்ளக்-இன்னும் முழு மருந்து இல்லை.

---

நாலு_தந்தி:

அறை_மைக் சொன்னதில் 4 நாள் கணக்கு மட்டும் எனக்கு ஒப்பலை. ஒத்திகை ஒழுங்கா இருந்தா முதல் நாள் ஏற்பாடு, அடுத்த ரெண்டரை நாளில் 10 பாட்டுக்கும் டிரம்ஸ் முடியும். (பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் 10 பாட்டை 1963 பிப்ரவரி 11 அன்னிக்கு ஒரே நாளில் முடிச்சாங்க. அது ரெண்டு ட்ராக் டேப் காலம், அதை அளவுகோலா வைக்கச் சொல்லலை.) மிச்ச ரெண்டரை நாளை கிட்டார் ஆம்ப்புக்கு வையுங்க. நல்ல அறையில் நல்ல ஆம்ப்பைச் சத்தமா வச்சு எடுக்கிறதும் வெளியே கஷ்டம்தான்.

லைவா அடுக்குறதான்னு கேட்டதுக்கு: ரெண்டும். நாலு பேரும் ஹெட்ஃபோனோட ஒரே நேரத்தில் வாசிங்க. ஆனா அறைக்குள்ள டிரம்ஸ் சத்தம் மட்டும் இருக்கணும். பேஸும் கிட்டாரும் டிஐ பெட்டி (ஆம்ப்பும் மைக்கும் இல்லாம பதிவு பண்ண உதவுற பெட்டி) வழியா நேரா உள்ளே போகட்டும், கேட்கிறதுக்கு ஆம்ப் சிமுலேட்டர் (ஆம்ப் ஒலியைப் போலவே தர்றது). டிரம்மர் மனுஷங்களோட வாசிக்கிறதால உயிர் இருக்கும், மத்தவங்க தப்பு பண்ணினாலும் டிரம் மைக்கில் கசிவு இருக்காது. அந்த டிஐ ட்ராக்கை அழிக்காதீங்க. 5-ஆம் நாள் ரீஆம்ப் பெட்டி வழியா அதையே ஆம்ப்புக்கு அனுப்பி, கிட்டாரிஸ்ட் உட்கார்ந்து டோனை மட்டும் தேடலாம்.

க்ளிக் (தாளம் காட்டுற டிக் ஒலி) வேணும், ஆனா பாட்டு முழுக்க ஒரே பிபிஎம்-ல (நிமிஷத்துக்கு எத்தனை தாளம்ங்கிற வேகம்) ஆணி அடிக்காதீங்க. ஒத்திகையில் க்ளிக் இல்லாம வாசிச்சதை அளந்து பாருங்க. கோரஸில் ஒண்ணு ரெண்டு பிபிஎம் இயல்பாவே ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தை டெம்போ மேப்பில் (வேகம் எங்கே மாறுதுங்கிற குறிப்பு) போட்டு வையுங்க. இன்னொண்ணு: மெதுவா முடியிற பாட்டில், கடைசி சிம்பல் அடங்கும்போது டிரம்மர் ஹெட்ஃபோனிலிருந்து கசியிற க்ளிக் ஓவர்ஹெட்டில் டிக் டிக்னு விழும். கடைசி அடியோட க்ளிக் நின்னுடற மாதிரி செஷனிலேயே அமைச்சுடுங்க.

கிட்டார்: இடது வலதுக்கு ரெண்டு தடவை வாசிக்கணும். ஒரே டேக்கை நகல் எடுத்து ரெண்டு பக்கமும் போட்டா அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். கெய்னை (ஆம்ப்பில் ஒலியைக் கரடுமுரடாக்குற அளவு) மேடையில் வைக்கிறதை விட நல்லாக் குறைங்க. நாலு அடுக்கு சேரும்போது டிஸ்டார்ஷனும் சேரும். கெய்ன் அப்படியே இருந்தா ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) தெளிவு போய் வெறும் இரைச்சல் மிஞ்சும். ஆம்ப் முன்னாடி எஸ்எம்57-ஐ ஸ்பீக்கர் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரெண்டு ரெண்டு சென்டிமீட்டரா நகர்த்துங்க. ஈக்யூவை (ஒலியின் மேல், கீழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கிறது) விட அது அதிகம் மாத்தும்.

பேஸ்: கீழ் டியூனிங்கில் மெல்லிய தந்தி வேணாம். பலமா தட்டின கணத்தில் சுருதி மேலே போய், அப்புறம்தான் கீழே வந்து நிக்கும். கிட்டார் சரியா இருந்தும் பாட்டு முழுக்க ஏதோ பிசகின மாதிரி இருக்கும். டிஐ-யும் ஆம்ப் மைக்கும் ரெண்டையும் எடுத்தா, மைக் ட்ராக் சில மில்லிசெகண்ட் தாமதமா இருக்கும். அலைவடிவத்தைப் பெரிசாக்கிப் பார்த்து நகர்த்தி ஒட்டுங்க. மெட்டாலிக்காவின் 1988 ஆல்பத்தில் பேஸே கேட்கலைன்னு இன்னிக்கு வரைக்கும் பேசுறாங்க. வாசிச்சது குறை இல்லை. மிக்ஸில் இறக்கினாங்க, அதோட பல இடங்களில் பேஸ் கிட்டார் ரிஃப்போடயே ஒட்டி ஓடுது. உங்க பாட்டுல பேஸ் வேற பாதையில் போற இடம் எங்கேன்னு மிக்ஸ் பண்றவருக்கு எழுதிக் கொடுங்க.

குரலை ஸ்டூடியோவில் எடுக்கவே வேணாம். ராக் பாடுற தொண்டை நாளுக்கு ரெண்டு மூணு மணி நேரம்தான் தாங்கும். 6-ஆம் நாள் மாலை 10 பாட்டையும் பாட வச்சா கடைசி நாலு பாட்டு கரகரன்னு இருக்கும். கனமான போர்வை தொங்கவிட்ட அறை, வாடகைக்கு ஒரு நல்ல மைக், வாயிலிருந்து 15-20 சென்டிமீட்டர், நாளுக்கு ஒரு பாட்டு. நாலஞ்சு டேக் எடுத்து வரி வரியா பொறுக்கிக்கோங்க.

---

இரண்டாவது_கிட்டார்:

டிஐ யோசனை எங்களுக்கு ரொம்பப் பொருந்துது. மிக்ஸ், மாஸ்டருக்கு என்ன கொடுத்து அனுப்பணும்? ஸ்ட்ரீமிங்குக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-ல (சராசரிச் சத்த அளவு) மாஸ்டர் பண்ணணும்னு எல்லா இடத்திலும் எழுதியிருக்கே, அது சரியா?

---

உச்சி_மட்டம்:

மிக்ஸுக்கு: எல்லா ட்ராக்கும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட் வேவ் கோப்புகளாக. ஸ்டூடியோவில் 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்திருந்தால் வெளியே குரல் பதிவையும் 48-லேயே வையுங்கள். 48-இல் எடுத்த கோப்பை மாற்றாமல் 44.1 செஷனில் இழுத்துப் போட்டால் பாட்டு மெதுவாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும். பாதிப் பாட்டு வரை யாரும் கவனிக்காமல் போவதும் உண்டு. டெம்போ மேப், பாடல் வரிகள், நீங்கள் செய்த தோராய மிக்ஸ் மூன்றையும் கூடவே அனுப்புங்கள். தோராய மிக்ஸ் இல்லையென்றால் மிக்ஸ் இன்ஜினியர் உங்கள் மனதைப் படிக்க வேண்டியிருக்கும்.

மிக்ஸ் முடிந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு வடிவம் வாங்கி வையுங்கள்: சாதாரணம், குரல் ஒரு டெசிபல் கூடுதல், குரல் இல்லாதது, குரல் மட்டும். குரல் அளவில் சண்டை வராத பேண்ட் இல்லை. இரண்டாவது வடிவம் இருந்தால் சண்டை ஐந்து நிமிடத்தில் முடியும்.

மாஸ்டருக்குப் போகும் கோப்பில் லிமிட்டரை (உச்சிகளை நசுக்கிச் சத்தம் கூட்டும் கருவி) எடுத்துவிடுங்கள். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' 2008-இல் வந்தபோது நடந்தது தெரிந்ததுதான்: அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் நசுங்காமல் ஒலிக்க, ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கொதித்தார்கள். மிக்ஸ் தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்றார் மாஸ்டரிங் இன்ஜினியர் டெட் ஜென்சன். ஆல்பம் பில்போர்டில் முதலிடத்தில்தான் இறங்கியது; விற்பனை வேறு, காது வேறு.

மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் பற்றி: அது ஸ்பாட்டிஃபை ஒலிக்கும்போது சமன் செய்யும் அளவு. மாஸ்டரை அங்கேயே நிறுத்த வேண்டும் என்று பொருளில்லை. மைனஸ் 6-இல் கொடுத்தால் 8 டெசிபல் இறக்கி ஒலிக்கும். நசுக்கியதால் கிடைத்த சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் தங்கும். ராக்குக்கு மைனஸ் 11 முதல் மைனஸ் 9 வரை இருந்தால் டிரம்ஸ் அடி இன்னும் எழும், சமன் செய்யாத இடங்களிலும் மெலிந்து தெரியாது. ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சி) மைனஸ் 1-க்கு மேல் போக வேண்டாம். மைனஸ் 14-ஐ விடச் சத்தமான மாஸ்டருக்கு மைனஸ் 2 என்பது ஸ்பாட்டிஃபையின் சொந்தப் பரிந்துரை. எம்பி3 போன்ற சுருக்கத்தில் உச்சிகள் மேலே எழுவதுதான் காரணம்.

10 பாட்டையும் ஒரே எண்ணுக்கு இழுக்கச் சொல்லாதீர்கள். ஆல்பமாக வரிசையில் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை மொத்த ஆல்பத்தையும் ஒரே அளவு ஏற்றி இறக்குகிறது. மெதுவான பாட்டு மெதுவாகவே இருக்கும், இருக்க வேண்டும்.

---

பக்கம்_பி:

"ஒண்ணு போலவே" குறை பத்தி யாரும் பேசலை. ராக் ஆல்பத்தில் அதுக்கு நாலு காரணம் வழக்கமா ஒண்ணா வரும்: எல்லாப் பாட்டும் கிட்டத்தட்ட ஒரே பிபிஎம், ஒரே சுருதி, ஒரே ஸ்நேர், ஒரே கிட்டார் டோன். 10 பாட்டையும் பிபிஎம், சுருதி ரெண்டு பத்தியா காகிதத்தில் எழுதுங்க. பக்கத்து பக்கத்தில் ரெண்டுமே ஒத்துப்போனா வரிசையை மாத்துங்க. ஸ்நேர் ரெண்டாவது கொண்டு போங்க: ஆழமான மரம் ஒண்ணு, மெல்லிய உலோகம் ஒண்ணு. மூணு பாட்டில் ஒரு கிட்டாரை முதல் சரணத்தில் வாயை மூடச் சொல்லுங்க. செலவே இல்லாத ஏற்பாடு அதுதான், பேண்டுகள் கடைசியா ஒத்துக்கிறதும் அதுதான்.

எல்பி (வினைல் இசைத்தட்டு) போடற எண்ணம் இருந்தா 41 நிமிஷம் நல்ல அளவு, பக்கத்துக்கு 20 சொச்சம். அதுக்கு மேல போனா பள்ளங்களை நெருக்கணும், சத்தம் குறையும். தட்டின் உள்பக்கம் போகப் போக ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடற வேகம் பாதிக்கும் கீழே இறங்குது. அங்கே சிம்பலும் "ஸ்" ஒலியும் கிழியும். அதனால ரெண்டு பக்கக் கடைசியிலும் இரைச்சலான பாட்டு வேணாம், அமைதியானது வையுங்க.

வரவேற்பு விஷயம்: விமர்சகர்களுக்கு வெளியீட்டுக்கு ஆறு, எட்டு வாரம் முன்னாடி தனி இணைப்பு போகணும், அதுக்கு மாஸ்டர் முடிஞ்சிருக்கணும், அப்ப ஸ்டூடியோ தேதியை இங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்க. ஸ்பாட்டிஃபை ஆசிரியர்களுக்கு வெளிவராத ஒரு பாட்டை முன்மொழியலாம். குறைஞ்சது 7 நாள் முன்னாடி. 30 விநாடி கேட்டாத்தான் ஒரு ஸ்ட்ரீம். அதுக்காக ஆல்பத்தில் இன்ட்ரோவை வெட்டாதீங்க, சிங்கிளுக்குத் தனி எடிட் போதும். முதல் வார எண்ணை வச்சு எந்த முடிவும் எடுக்க வேணாம். நிர்வாணா பேண்டின் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனது 46,251 பிரதி. முதலிடம் வந்தது 1992 ஜனவரியில்.

---

இரண்டாவது_கிட்டார்:

நாலு_தந்தி கணக்குப்படியே போறோம், ஸ்நேர் ரெண்டு. 4-ஆம் நாள் டிரம்ஸ் சீக்கிரம் முடிஞ்சா அந்த மிச்ச நேரத்தில் என்ன பண்ணலாம்?

---

அறை_மைக்:

கிட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி எல்லா மைக்கும் திறந்தபடி, ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியா அடிச்சுப் பதிவு பண்ணுங்க. மெதுவா, நடுத்தரமா, பலமா, ஒவ்வொண்ணும் எட்டு பத்து தடவை. ஒவ்வொரு அடியும் முழுசா அடங்கின பிறகுதான் அடுத்தது. ரெண்டு ஸ்நேருக்கும் செய்யணும். ஒரு டேக்கில் ஒரு அடி தவறியிருந்தாலோ, கிக் மெலிஞ்சிருந்தாலோ, மிக்ஸில் உங்க கிட்டோட ஒலியையே ஒட்டலாம், யாரோட சாம்பிளும் தேவையில்லை. சிம்பலையும் மறக்காதீங்க, கடைசி அடியின் வால் வெட்டுப்பட்ட பாட்டுக்கு அதான் காப்பாத்தும். முடிச்சதும் ரெண்டு வேற வேற ஹார்ட் டிஸ்க்கில் நகல், ரெண்டையும் ரெண்டு பேர் எடுத்துட்டுப் போகணும். நகல் எடுத்த டிஸ்க்கிலிருந்தே ஒரு செஷனைத் திறந்து ஓட்டிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.